ஆங்கிலச் செயப்பாட்டு வினையில் நாம் தவறவிடும் சிறு சொல்

திருவனந்தபுரத்தில் நம்மவர் குடியிருக்கும் தெருக்களில், விளக்கு வைத்தபின் அன்றாடம் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. அலுவலகத்தில் எழுத்து வேலை பார்ப்பவரின் வீட்டு வாயிலில், ஆங்கிலத்தில் எழுதிய தாளுடன் யாரேனும் வந்து நிற்பர். விடுப்பு விண்ணப்பம், வேலைக்கு மனு, பள்ளித் தலைமையாசிரியருக்குக் கடிதம் என ஏதேனும் ஒன்றாக அது இருக்கும். இரயில்வேயில் எழுத்தராக உள்ள நம்மையும் இவ்வாறு நாடி வருவோர் உண்டு.

அண்மையில் ஓர் இளைஞர் வந்தார். தாயாருக்கு அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. உடனிருக்கப் பத்து நாள் விடுப்பு வேண்டும். தாளை நீட்டிய அவர், "அண்ணாச்சி, போன தடவை நான் எழுதிக் கொடுத்த கடிதத்தை அலுவலகத்தில் உரக்கப் படித்துச் சிரித்துவிட்டார்கள். அம்மாவின் விஷயம் அப்படி ஆகிவிடக் கூடாது" என்றார்.

தாளைப் பார்த்தோம். 'மை மதர் வாஸ் ஆப்பரேட்டட்' என்று எழுதியிருந்தார். இயந்திரத்தை இயக்கினால் 'தி மெஷின் வாஸ் ஆப்பரேட்டட்' எனலாம். மனிதருக்கு அறுவைச் சிகிச்சை செய்ததைச் சொல்வதாயின் 'வாஸ் ஆப்பரேட்டட் ஆன்' என்றே முடிக்க வேண்டும். 'ஆன்' என்னும் அச்சிறு சொல் விடுபட்டமையால், பெற்ற தாய் ஓர் இயந்திரத்தின் வரிசையில் வைக்கப்பட்டுவிட்டாள்.

சிரிப்புக்கு இடமான முந்தைய கடிதத்தில் என்ன எழுதினீர் என்று கேட்டோம். தாம் ஒரு கம்பெனியில் வேலைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டிருந்ததைக் கூறுவதற்காக, 'ஐ வாஸ் டேக்கன் இன்' என்று எழுதினாராம். வேலைக்கு அமர்த்தப்பட்டேன் என்பதற்கு 'டேக்கன் ஆன்' என எழுதியிருக்க வேண்டும். 'டேக்கன் இன்' என்றாலோ ஏமாற்றப்பட்டேன் என்று பொருள்படும். ஒரு சிறு சொல் மாறியதால் உத்தியோகம் மோசடியாயிற்று!

பிழையின் வேர்

இவ்விளைஞர் கல்லாதவர் அல்லர். மற்ற வாக்கியங்களைப் பிழையின்றி எழுதக்கூடியவர். ஆயினும் இவ்விடத்தில் இடறினார். காரணம் நம் தாய்மொழியின் அமைப்பிலேயே உள்ளது.

'அவனைப் பார்த்துச் சிரித்தார்கள்' என்கிறோம். 'ஐ' என்னும் வேற்றுமை உருபு 'அவன்' என்னும் பெயரோடு ஒட்டி நிற்கிறது. அப்பெயர் எழுவாயாக மாறும்போது உருபு மறைந்துவிடும். ஆங்கிலத்தில் 'தே லாஃப்டு அட் ஹிம்' என்னும் வாக்கியத்தில் 'அட்' என்பது தனிச் சொல். 'ஹிம்' என்பது 'ஹி' ஆகி வாக்கியத்தின் முதலுக்குச் சென்றாலும், 'அட்' அதன் பின்னே போகாது, வினையோடு தங்கிவிடும். ஆகவே 'ஹி வாஸ் லாஃப்டு அட்' என்று வாக்கியம் முடிகிறது.

சுருங்கச் சொன்னால், நமது உருபு பெயரைச் சார்ந்தது. பெயர் இடம் மாறினால் அது நில்லாது. ஆங்கிலத்துப் பிரிபொசிஷனோ பெயர் போனபின்னும் வினையின் அருகில் நிற்கும். இந்த வேறுபாட்டை உணராத தமிழர், பெயர் போய்விட்டதே என்று பிரிபொசிஷனையும் கைவிட்டுவிடுகிறார். மலையாளமும் உருபுகளைப் பெயரோடு ஒட்டும் மொழியே. எனவே நம் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் பயிலும் மலையாளப் பிள்ளைகளும் இதே பிழையைச் செய்வதுண்டு. இது குறித்து நாம் நாணவேண்டியதில்லை.

பழைய ஆங்கிலத்திலும் பெயர்கள் நம் மொழியைப் போல வேற்றுமை உருபுகளை ஏற்றே நின்றன. காலப்போக்கில் அவை தேய்ந்தன. பிரிபொசிஷனை இறுதியில் விட்டுச்செல்லும் இந்தச் செயப்பாட்டு வினை 13-ஆம் நூற்றாண்டு முதலே அம்மொழியில் தலைகாட்டுகிறது. 1672-இல் டிரைடன் என்னும் ஆங்கிலக் கவிஞர், வாக்கிய இறுதியில் பிரிபொசிஷன் நிற்பதைக் குறை என்று எழுதினார். அது கேட்டு அஞ்சி, செயப்பாட்டு வினையின் இறுதியில் உள்ளதையும் அடித்துவிடுதல் தவறு. அதை எடுத்துவிட்டால் பொருளே சிதைந்துபோம்.

பெயரும் உடன் சேரும்போது

சில தொடர்களில் வினை, பெயர், பிரிபொசிஷன் ஆகிய மூன்றும் ஒரு முடிச்சாக இருக்கும். 'டேக் கேர் ஆஃப்', 'மேக் யூஸ் ஆஃப்', 'பே அட்டென்ஷன் டு', 'லூஸ் சைட் ஆஃப்' என்பன அத்தகையவை. தமிழில் பேணுதல், பயன்படுத்துதல் என ஒரே சொல்லால் நாம் முடித்துவிடுவதை அவர்கள் மூன்று சொல்லால் சொல்கின்றனர்.

இவற்றுட் பலவற்றை இருவகையாகச் செயப்பாட்டு வினையாக்கலாம். முடிச்சை அவிழ்க்காமல், 'தி சைல்டு வாஸ் டேக்கன் கேர் ஆஃப்' எனலாம். குழந்தை பேணப்பட்டது என்பது பொருள். முடிச்சை அவிழ்த்துப் பெயரை முன்னே நிறுத்தி, 'கிரேட் கேர் வாஸ் டேக்கன் ஆஃப் தி சைல்டு' என்றும் எழுதலாம். பெயருக்கு 'கிரேட்' போன்ற அடைமொழி வரும்போது இவ்விரண்டாம் வகையே பொருந்தும். ஆயினும் இவ்வுரிமை எல்லாத் தொடர்களுக்கும் இல்லை. 'லூஸ் சைட் ஆஃப்' என்பதைப் பெரும்பாலும் முடிச்சு அவிழ்க்காமலே வழங்குவர்.

ஒரே வினை தன்னுடன் சேரும் சிறு சொல்லால் எவ்வளவு மாறுகிறது என்பதற்கு 'லுக்' என்பதைக் காண்க. 'லுக்டு ஆஃப்டர்' என்றால் கவனித்துக்கொள்ளப்பட்டார். 'லுக்டு இன்டு' என்றால் விசாரிக்கப்பட்டது. 'லுக்டு அப் டு' என்றால் உயர்வாக மதிக்கப்பட்டார். 'லுக்டு டவுன் அப்பான்' என்றால் இழிவாக எண்ணப்பட்டார். பிழைப்புத் தேடி வேற்றூர் வந்த குடும்பங்களாகிய நாம் இந்த நான்கையுமே வாழ்க்கையில் கண்டிருப்போம். அவற்றுள் எது நமக்கு நேர்ந்தது என்பதைச் சொல்லவாவது நாம் அறிந்திருக்க வேண்டாவா?

'பை' மட்டும் போதாது

பள்ளியில் 'ஆல்' என்பதற்கு 'பை' என்று கற்பிக்கின்றனர். செய்தவரைக் குறிக்க அது சரியே. ஆனால் எங்கும் அது செல்லாது. ஒருவருக்குத் தெரிந்தவர் என்பதற்கு 'நோன் டு' என்றும், வியப்புற்றதற்கு 'சர்ப்ரைஸ்டு அட்' என்றும், ஈடுபாட்டிற்கு 'இன்ட்ரஸ்டெட் இன்' என்றும், தூசியால் மூடப்பட்டிருப்பதற்கு 'கவர்டு வித்' என்றும் வரும். நாற்காலி மரத்தால் ஆனது. மரம் மரமாகவே தெரிகிறது. அதற்கு 'மேட் ஆஃப்'. வெல்லம் கரும்புச் சாற்றிலிருந்து ஆனது, சாறு உருமாறிவிட்டது, அதற்கு 'மேட் ஃபிரம்'.

செய்தவர் யார்?

இரயில் தாமதமாகும்போது நிலையத்தில் ஒலிக்கும் ஆங்கில அறிவிப்பு, ஏற்பட்ட சிரமம் 'ரிக்ரெட்டெட்' என்று செயப்பாட்டு வினையில் முடிகிறது. வருந்துபவர் யார் என்பது அதில் இல்லை. தமிழ்நாட்டு நிலையங்களில் 'வருந்துகிறோம்' என்கின்றனர். 'ஓம்' என்னும் விகுதி வருந்துபவரைக் காட்டிவிடுகிறது. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் பாதிரியார், 1856-இல் வெளியிட்ட தமது ஒப்பிலக்கண நூலில், திராவிட மொழிகளுக்கு இயல்பான செயப்பாட்டு வினை இல்லை என்றே கருதினார். 'கதவு திறந்தது', 'சோறு வெந்தது' என்று பேசுகிற நமக்கு, 'படு' சேர்த்த வாக்கியம் இன்றும் ஏட்டு வழக்காகவே தோன்றுகிறது.

எனினும் மனு எழுதுவோர்க்கு அது ஒரு நல்ல கருவி. 'என் விண்ணப்பத்தை நீங்கள் மறந்துவிட்டீர்கள்' என்று அதிகாரிக்கு எழுதினால் மனக்கசப்பே மிஞ்சும். 'மை அப்ளிகேஷன் ஹாஸ் பீன் லாஸ்ட் சைட் ஆஃப்' என்று எழுதினால், எவர் மீதும் குற்றம் சாட்டாமல் காரியம் கூறப்படுகிறது. ஆனால் இறுதியில் உள்ள 'சைட் ஆஃப்' விடுபட்டால், விண்ணப்பம் தொலைந்தே போயிற்று என்று பொருளாகிவிடும்!

ஆதலின் பெற்றோர்க்கு நாம் கூறுவது இதுவே. பிள்ளைகள் ஆங்கில வினைச்சொற்களைக் குறித்துவைக்கும்போது தனிச் சொல்லாக எழுதவேண்டாம். அதனோடு வரும் சிறு சொல்லையும் சேர்த்தே எழுதட்டும். செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றுமுன் அச்சிறு சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் இடட்டும். மாற்றி முடித்தபின் அவ்வட்டத்துச் சொல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கட்டும்.

அந்த இளைஞர் தம் கையாலேயே 'ஆன்' என்று சேர்த்து, கடிதத்தைப் புதிய தாளில் எழுதி எடுத்துச் சென்றார். விடுப்பும் கிடைத்தது. தாயார் நலமுடன் வீடு திரும்பினார் என்பதை அன்பர்களுக்கு மகிழ்வுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.