செத்தவர் போட்ட கையெழுத்து

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கும் என் பேத்தி ஒரு சாயங்காலம் பாடப் புத்தகத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தாத்தா, ஒருத்தர் செப்டம்பர் 29ஆம் தேதி செத்துட்டார். அவர் ஜாமீன் கையெழுத்துப் போட்ட பத்திரத்துல அக்டோபர் 2ன்னு தேதி இருக்கு. அந்தப் பத்திரம் செல்லுமா?"

"எந்த பிராஞ்ச்?" என்று கேட்டுவிட்டேன். 34 வருஷ பேங்க் பழக்கம்.

பிராஞ்ச் இல்லை, நாடகம். நார்வேக்காரர் ஹென்ரிக் இப்சன் எழுதிய 'பொம்மை வீடு'. 1879 டிசம்பர் 21ஆம் தேதி கோபன்ஹேகன் ராயல் தியேட்டரில் முதலில் மேடையேறியது. புருஷனையும் மூன்று பிள்ளைகளையும் விட்டுவிட்டு ஒரு பெண் வீட்டைவிட்டு வெளியேறும் நாடகம் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். புத்தகத்தை வாங்கிப் படித்தால், முக்கால்வாசி பேங்க் சமாசாரம். புருஷன் டோர்வால்ட் ஹெல்மர் புது வருஷத்தில் பேங்க் மேனேஜராகப் பொறுப்பேற்கப் போகிறவர். மிரட்டுகிற க்ரோக்ஸ்டாட் அதே பேங்கில் சின்ன உத்தியோகஸ்தர். மனைவி நோரா, அந்த க்ரோக்ஸ்டாடிடம் புருஷனுக்குத் தெரியாமல் கடன் வாங்கியவள்.

கல்யாணமான புதிதில் டோர்வால்டுக்கு உயிருக்கே ஆபத்தான உடம்பு. குளிரில்லாத தேசத்துக்கு அழைத்துப் போனால்தான் பிழைப்பார் என்று டாக்டர்கள் நோராவிடம் மட்டும் சொல்கிறார்கள். கடன் வாங்க டோர்வால்ட் சம்மதிக்க மாட்டார். புருஷன் சம்மதமில்லாமல் மனைவி கடன் வாங்க அந்த ஊர்ச் சட்டம் விடாது. அது மாறியது 1888இல். க்ரோக்ஸ்டாடோ அப்பாவின் ஜாமீன் கேட்கிறார். அப்பா மரணப் படுக்கையில். அவரைத் தொந்தரவு செய்ய மனசில்லாமல் அப்பா பெயரை நோராவே எழுதிவிடுகிறாள். தொகை 1,200 ஸ்பெசிடேலர்; புது நாணயத்தில் 4,800 குரோனா. அதில் ஒரு வருஷம் இத்தாலி. புருஷன் பிழைத்து வருகிறார். துணிமணிக்குக் கொடுத்த காசில் மிச்சம் பிடித்தும், ராத்திரியில் கதவைச் சாத்திக்கொண்டு நகலெழுதியும் தவணை கட்டுகிறாள். பாக்கி எவ்வளவு என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ரசீதில்லாமல் வட்டி கட்டுகிற பெண்களை கவுன்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நிறையப் பார்த்திருக்கிறேன்.

போலிக் கையெழுத்து குற்றம்தான், சந்தேகமில்லை. ஆனால் நோராவின் கோளாறு அதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நாடகம் தொடங்கியதுமே கடைத்தெருவிலிருந்து வருகிறவள் பாக்கெட்டில் மக்ரூன் இருக்கிறது. பாதாமில் செய்வது, தூத்துக்குடியில் முந்திரியில் செய்கிறார்களே, அதற்கு ஒன்றுவிட்ட அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். பல் கெட்டுவிடும் என்று புருஷன் தடை போட்டிருக்கிறார். வாயைத் துடைத்துக்கொண்டு, தின்னவே இல்லை என்று சாதிக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து குடும்ப நண்பர் டாக்டர் ராங்க்கிடம் அதையே நீட்டி, கிறிஸ்டினே கொண்டுவந்தாள் என்று பழியை அவள் தலையில் போடுகிறாள். அந்தக் கிறிஸ்டினே லிண்டே புருஷனை இழந்து, வேலை தேடி அன்றைக்குத்தான் ஊருக்கு வந்த பழைய சிநேகிதி. அவளிடம்தான் தன் புருஷனுக்குக் கிடைத்த பெரிய சம்பளத்தைப் பற்றிப் பூரித்துப் பேசுகிறாள். நான் செத்துப்போனால் கடன் கொடுத்தவர்கள் கதி என்ன என்று டோர்வால்ட் கேட்டால், யாரோ அந்நியர்கள்தானே என்கிறாள். பொய் அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி. அந்த வீட்டில் மூச்சு விட வேறு வழியும் இருக்கவில்லை என்பதை இப்சன் மெதுவாகத்தான் காட்டுகிறார்.

டோர்வால்ட் விஷயம் வேறு. மனுஷன் கண்ணியத்தின் உருவம். க்ரோக்ஸ்டாடும் முன்பு ஒருகாலத்தில் போலிக் கையெழுத்துப் போட்டு, தண்டனை அனுபவிக்காமல் நழுவியவர். அப்படிப்பட்டவனின் வீட்டுக் காற்றே பிள்ளைகளைக் கெடுக்கும், அவன் பக்கத்தில் இருந்தாலே உடம்புக்கு ஒவ்வாது என்கிறார் டோர்வால்ட். கேட்டுக்கொண்டிருக்கும் நோரா வெளிறிப்போகிறாள்.

ஆனால் நாடகத்தின் நடுவில் ஒரு வரி போகிற போக்கில் வந்து போகிறது. பேத்தியின் நோட்ஸில் அது இல்லை. எனக்குக் கண்ணில் குத்தியது. நோராவின் அப்பாவும் அரசாங்க உத்தியோகஸ்தர். அவர் மேல் புகார் வந்தபோது விசாரிக்க அனுப்பப்பட்ட அதிகாரி யார் தெரியுமா? டோர்வால்ட். அவர் கருணை காட்டியதால்தான் அப்பாவின் வேலை தப்பியது என்று நோராவே நன்றியோடு சொல்கிறாள். கடைசி அங்கத்தில், கோபத்தில், உனக்காகத்தானே கண்டும் காணாமல் விட்டேன் என்று அவரே கொட்டிவிடுகிறார். ஆய்வுக்குப் போன இடத்தில் பெண்ணைப் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டை மழுப்பியவர் இவர்! எங்கள் பக்கத்தில் இதற்குத் தனிக் குறிப்பாணையே வரும். நோரா பத்திரத்தில் பொய் எழுதினாள், இவர் கோப்பில் எழுதினார். இவர் கோப்பை மட்டும் யாரும் புரட்டிப் பார்க்கவில்லை.

வேலையைவிட்டு நீக்கப்பட்ட க்ரோக்ஸ்டாட், நோராவின் போலிக் கையெழுத்தை அம்பலப்படுத்தி எழுதிய கடிதத்தைப் படித்ததும் டோர்வால்டின் சாயம் வெளுக்கிறது. சற்று முன்புதான் உனக்கு ஓர் ஆபத்து வராதா, உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுவேனே என்று உருகியவர், பொய்காரி, குற்றவாளி என்று கத்துகிறார். பிள்ளைகளை இனி நீ வளர்க்கக் கூடாது, ஊருக்காக ஒரே வீட்டில் இருப்போம் என்கிறார். உடனே இரண்டாவது கடிதம் வருகிறது. மனம் மாறிய க்ரோக்ஸ்டாட் பத்திரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். டோர்வால்ட் வாயிலிருந்து முதலில் வருவது, தான் பிழைத்தேன் என்பது. நான்? என்று நோரா கேட்ட பிறகுதான் அவளையும் சேர்த்துக்கொள்கிறார். பத்திரத்தைக் கிழித்து அடுப்பில் போடுகிறார். இவர்தான் பேங்க் மேனேஜர்!

கிறிஸ்டினேவைப் பற்றி எனக்கு இன்னும் தீர்மானமில்லை. முதல் கடிதத்தை டோர்வால்ட் படிக்கும் முன்பே க்ரோக்ஸ்டாட் அதைத் திரும்பக் கேட்டு வாங்கிவிடத் தயாராகத்தான் இருந்தார். வேண்டாம், புருஷன் பெண்டாட்டிக்குள் உண்மை வெளிவரட்டும் என்று தடுத்தவள் இவள். அடுத்த வீட்டுப் பெட்டியைத் திறக்க இவளுக்கு யார் சாவி கொடுத்தது?

இப்சன் மட்டும் சுத்தமா? லாரா கீலர் என்ற இளம் எழுத்தாளர் அவருக்குத் தெரிந்தவர். காசநோய்க்காரப் புருஷனை இத்தாலிக்கு அழைத்துப் போக ரகசியமாகக் கடன் வாங்கினார். கடன் நெருக்கியபோது, தன் கையெழுத்துப் பிரதியைப் பதிப்பாளரிடம் சிபாரிசு செய்யும்படி இப்சனைக் கேட்டார். எழுத்து சரியில்லை, புருஷனிடம் சொல்லிவிடு என்று அவர் மறுத்துவிட்டார். லாரா போலிக் காசோலை எழுதி மாட்டிக்கொண்டார். புருஷன் பிள்ளைகளைப் பிரித்தார், மனநோய் விடுதியில் சேர்த்தார். மறுவருஷமே நாடகம் வந்துவிட்டது. நோரா கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனாள். லாராவோ கடைசியில் அந்தப் புருஷனிடமே திரும்ப வேண்டியிருந்தது.

க்ரோக்ஸ்டாடை வேலையைவிட்டு நீக்கியதற்கு நிஜக் காரணம் என்ன தெரியுமா? இரண்டாவது அங்கத்தில் டோர்வால்டே சொல்கிறார். பழைய குற்றத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாமாம். வேலையில் கெட்டிக்காரன் என்றும் கேள்வியாம். ஆனால் இளமையில் பழகிய உரிமையில், நாலு பேர் முன்னால் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறானாம். இது அற்பமாக இருக்கிறதே என்கிறாள் நோரா. என்னையா அற்பன் என்கிறாய் என்று, அந்த நிமிஷமே வேலைக்காரியைக் கூப்பிட்டு நீக்கல் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறார்.

படிக்கும்போது அந்த இடத்தில் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடிவைத்துவிட்டேன். 1994இல் நான் மேனேஜராகப் போன ஊரில், என்னோடு பத்தாவது வரை படித்தவன் கேஷியர். சாயங்காலம் அவன் கணக்கு டாலி ஆகாத நாள் கிடையாது. ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி. ஒன்று அவனிடம், ஒன்று என்னிடம். தினமும் பத்து மணிக்கு, கவுன்டர் முன்னால் கூட்டம் நிற்கும்போது, "டேய் கட்டை, சாவியை எடுத்துட்டு வாடா" என்று குரல் கொடுப்பான். கட்டை என்பது பள்ளியில் எனக்கு வைத்த பெயர். கூட்டம் சிரிக்கும். ஆறு மாதம் பொறுத்தேன். பிறகு மண்டல அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன், நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு என்று. 120 கிலோமீட்டர் தள்ளிப் போட்டார்கள். அவன் மனைவி அப்போது ஏழு மாதம்.

போன வருஷம் அவன் மகன் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. உறைமேல் அதே மணிமணியான கையெழுத்து. என் பெயருக்குப் பின்னால் 'சார் அவர்கள்' என்று எழுதியிருந்தான்.