செயற்கைப் பல்லும் கன்னத்துக் காற்றறையும்

பல் போனால் சொல் போகும் என்பர் நம் முன்னோர். மேல்தாடைக் கடைவாய்ப் பல் போனாலோ, அதனைத் தாங்கி நின்ற எலும்பும் மெல்ல மெல்லத் தேய்ந்து போகின்றது. பல ஆண்டுகளின் பின்னர் நிலையான செயற்கைப் பல் நாட்டிக்கொள்ள விரும்பிச் செல்வோரிடம், “எலும்பு போதாது, முதலில் அதனை வளர்க்க வேண்டும்” என்று பல் வைத்தியர் கூறுவதுண்டு. அச்சத்திர சிகிச்சை யாது, அதில் நேரக்கூடிய இடர்கள் யாவை என்பவற்றை அறிந்த பின்னரே அதற்கு உடன்படுதல் அறிவுடைமையாகும்.

கண்களுக்குக் கீழே, மூக்கின் இரு மருங்கிலும், மேல்தாடை எலும்பினுள் ஒவ்வொரு காற்றறை உண்டு. சைனஸ் என்று நாம் கேள்விப்படுவனவற்றுள் பெரியது இதுவே. 1651ஆம் ஆண்டில் நத்தானியல் ஹைமோர் என்னும் ஆங்கில மருத்துவர் இதனை விரித்துரைத்தார். கடைவாய்ப் பற்களின் வேர்கள் இவ்வறையின் தளத்தை அண்டியே நிற்கின்றன. பல் அகன்றதும் கீழிருந்து எலும்பு தேய்கின்றது; மேலிருந்து காற்றறை விரிகின்றது. இடையில் எஞ்சும் எலும்பு சிலருக்கு இரண்டு மூன்று மில்லிமீற்றர் அளவே இருக்கும்.

டைட்டேனியத் திருகைத் தாடையில் நாட்டி அதன்மேற் பல் பொருத்தும் முறையைச் சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பிரோனமார்க் 1965ஆம் ஆண்டில் தொடக்கி வைத்தார். காற்றறையின் தளத்தை உயர்த்தும் முறையை அமெரிக்கப் பல் வைத்தியர் ஹில்ட் டேற்றம் 1970ஆம் ஆண்டுகளில் வகுத்தார். எலும்பின் பக்கச் சுவரில் சிறு சாளரம் திறந்து, உட்புறம் படர்ந்துள்ள சவ்வைப் பிரித்து உயர்த்தி, அதன் கீழ் எலும்புத் துகளை நிரப்புவர். அது உறுதி பெறப் பல மாதங்கள் செல்லும். அத்துகள் நோயாளியின் சொந்த எலும்பாகவோ, பதப்படுத்திய மாட்டெலும்பாகவோ, செயற்கைப் பொருளாகவோ இருக்கலாம். ஆசாரம் பேணுவோர் இதனை முன்னரே கேட்டறிந்து தம் விருப்பத்தைத் தெரிவித்தல் நன்று.

இச்சிகிச்சையின் வெற்றி பெரிதும் அந்தச் சவ்வையே சார்ந்தது. முட்டையின் உட்தோலையொத்த அது, பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்புடையது. அது கிழிதலே அடிக்கடி நேரும் இடராகும். சிறு கிழிசலை மெல்லிய படலத்தால் மூடி வேலையைத் தொடரலாம். கிழிசல் பெரிதாயின் சிகிச்சையை நிறுத்திச் சில மாதங்கள் காத்திருக்க நேரிடும். சுவரினுள் ஓடும் நாடி வெட்டுண்டால் இரத்தப் பெருக்கு உண்டாகும். நிரப்பிய துகளில் கிருமி தொற்றிப் பீனிசம் பிடித்தால், சில வேளைகளில் துகள் முழுவதையும் அகற்ற நேரிடும். நாட்டிய திருகு காற்றறையினுள் நழுவி விழுவதும், அரிதாயினும், நிகழ்வதே.

இவற்றுட் பல முன்னெச்சரிக்கையால் தவிர்க்கத் தக்கவை. நாட்பட்ட பீனிசம், நீரிழிவு, புகைப் பழக்கம், இரத்தம் உறையாமைக்கும் எலும்புத் தேய்வுக்கும் உட்கொள்ளும் மருந்துகள் ஆகிய எதனையும் வைத்தியரிடம் மறைத்தல் ஆகாது. பீனிசம் இருப்பின் அதனை முதலிற் குணப்படுத்திக்கொள்ள வேண்டும். முப்பரிமாணக் கதிர்ப்படம் எடுத்துக் காற்றறையின் அமைப்பை ஆராய்தலும் அவசியம்.

சிகிச்சையின் பின் ஏறக்குறைய இரு வாரங்களுக்கு மூக்கைச் சிந்துதல் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்தே தும்ம வேண்டும். குழாய் வைத்து உறிஞ்சிக் குடித்தலும் புகைத்தலும் ஆகா. முதல் நாட்களில் கன்னம் வீங்குதலும் மூக்கிற் சிறிது இரத்தம் கசிதலும் இயல்பே. ஆனால் நாட்சென்றும் வீக்கம் தணியாவிட்டாலோ, மூக்கிலிருந்து துர்நாற்றத்துடன் சீழோ துகள்களோ வெளிப்பட்டாலோ, தடிமன் என்று எண்ணிக் கைவைத்தியம் பார்த்திருத்தல் தவறு. உடனே வைத்தியரை நாட வேண்டும்.

இச்சிகிச்சையின்றியும் வழிகள் உள. கட்டை திருகு, பக்கத்துப் பற்களைப் பற்றி நிற்கும் பாலப் பல், கழற்றி மாட்டும் பல் ஆகியவற்றுள் ஒன்று சிலருக்குப் போதுமானதாகும். “எனக்கு வேறு வழி இல்லையா? சவ்வு கிழிந்தால் என்ன செய்வீர்கள்?” என்று வினவுதல் மரியாதைக் குறைவன்று. நல்ல வைத்தியர் அவ்வினாக்களை மகிழ்ந்து வரவேற்பார். பொறுமையுடன் விடையும் பகர்வார்.