கறள் பிடித்த மிதி

இரும்பை வெல்லப் பெரும்படை வேண்டியதில்லை. சிறிது ஈரமும் சிறிது காற்றும் போதும். அவற்றோடு மனிதனின் மறதியும் சேர்ந்துவிட்டால், காடு கடந்த வாகனமும் நின்ற இடத்திலேயே மண்ணோடு மண்ணாகும். யாழ்ப்பாணத்தாரும் வன்னியாரும் ‘கறள்’ என்று அழைக்கும் இந்தப் பகையைத் தமிழகத்தார் ‘துரு’ என்பர். பெயர் எதுவாயினும் அதன் செயல் ஒன்றே. இரும்பு கறளாகும்போது முன்னிருந்த அளவினும் பன்மடங்கு பருத்துவிடுகிறது. ஆகவேதான், மயிரிழை இடைவெளியில் சுழலவேண்டிய அச்சொன்று கறள் பிடித்தால், ஆப்பு அறைந்ததுபோல் இறுகிவிடுகிறது.

அக்கராயன், குளத்து நீரை நம்பி நெல் விளைவிக்கும் ஊர். முறிகண்டியில் கண்டி வீதியை விட்டு மேற்கே திரும்பினால் அதற்குப் பாதை உண்டு. இப்பகுதியில் மழை முழுவதும் பெரும்பாலும் ஐப்பசி தொடங்கி மார்கழி முடியும்வரை கொட்டித் தீர்ந்துவிடும், பின்னர் நெடுங்கோடை. மாரியில் சேறு புகுந்து, கோடையில் அது சீமெந்துபோல் காய்ந்து கிடக்கும் இத்தகைய மண்ணில், பழைய ஜீப்பின் அடிப்புறம் என்ன பாடுபடும் என்பதை விளக்கவேண்டியதில்லை. அது ஓடாமல் நின்றுவிட்டாலோ, முதலில் இறுகும் உறுப்புகளுள் ஒன்று கிளச்சு மிதி.

கிளச்சு என்பது யாது? எஞ்சினின் சுழற்சியைக் கியர்ப்பெட்டியிலிருந்து வேண்டும்போது பிரித்தும் வேண்டும்போது சேர்த்தும் வைக்கும் பொறி. ஓட்டுநரின் இடது காலுக்கும் அந்தப் பொறிக்கும் இடையிலுள்ள தூதன் மிதி. தூதன் ஊமையானால் இருபுறத்துச் செய்தியும் நின்றுபோகும். மேலே இறுகினால் கியர் மாற்ற இயலாது. கீழே இறுகினால் எஞ்சின் முழங்கும், சில்லு அசையாது.

கரடுமுரடான பாதைக்கென்று பிறந்த வாகனங்களுள் முதன்மையானது, இரண்டாம் உலகப்போரில் 1941 முதல் அமெரிக்காவில் 6 இலட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்ட ஜீப். அதைத் தம் பண்ணையில் ஓட்டிப் பார்த்த ஆங்கிலேயப் பொறியியலாளர் மொறிஸ் வில்க்ஸ், அதற்கு ஈடான ஒன்றைத் தம் நாட்டிலேயே செய்ய முனைந்தார். அவ்வாறு பிறந்த லாண்ட் றோவர் 1948 ஏப்ரல் 30ஆம் நாள் அம்ஸ்ரடாம் கண்காட்சியில் உலகுக்கு அறிமுகமானது. போருக்குப் பின் உருக்குக்குத் தட்டுப்பாடு நிலவியதால் அதன் உடலை அலுமினியக் கலவையால் செய்தனர். இதில் ஒரு வஞ்சகம் உண்டு. அலுமினியத்தில் கறள் ஏறாது, மேனி பளபளக்கும். உள்ளேயுள்ள உருக்குச் சட்டமும் மிதியின் அச்சுமோ அரவமின்றி அரிக்கப்பட்டுக் கொண்டிருக்கும்.

இறுகிய மிதியைக் கண்டதும் பலர் செய்யும் முதற்காரியம், ஓங்கி மிதிப்பதே. அது நோயறியாமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும். தேர்ந்த தொழிலாளி முதலில் சில்லுகளுக்குக் கட்டை வைப்பான். பற்றரியின் இணைப்பைக் கழற்றுவான். ஜாக்கை மட்டும் நம்பி வாகனத்தின் அடியில் நுழையமாட்டான். அதன்பின் மிதியையும் அதற்கப்பாலுள்ள கோலையோ கம்பியையோ பிரித்துவிட்டு மிதியை மட்டும் அசைத்துப் பார்ப்பான். மிதி எளிதாக அசைந்தால் பழி அதன்மேல் இல்லை. குற்றம் அப்பால் உள்ளது. 1958இன் பின் வந்த லாண்ட் றோவர்களில் கிளச்சு திரவ அழுத்தத்தால் இயங்குவதால், அங்கே மாஸ்டர் சிலிண்டரின் உள்ளுறுப்பு இறுகியிருக்கலாம். மிதி வழக்கம்போல் இறங்கியும் கியர் விழ மறுத்தால், கிளச்சுத் தட்டே எஞ்சினின் பாரச் சில்லோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஒரே அறிகுறி, மூன்று நோய்கள்.

அச்சில்தான் இறுக்கம் என்று தெளிந்தபின் வேண்டியது பலமன்று, பொறுமை. கம்பித் தூரிகையால் சேற்றையும் கறளையும் சுரண்டி, அச்சு நுழையும் இருமுனைகளிலும் ஊடுருவும் எண்ணெயை ஊற்றவேண்டும். ஓர் இரவு கழிந்தபின் மீண்டும் ஊற்றவேண்டும். மரக்கட்டையை இடையில் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் அந்த அதிர்விலே எண்ணெய் உள்ளே இறங்கும். பின்னர் மிதியை முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைக்கவேண்டும். அரைவிரற்கடை அசைந்தால் அன்றைக்கு அது போதும். நீண்ட குழாயை மாட்டி ஒரேயடியாக நெம்பினால் மிதியின் கை வளையும், அல்லது தாங்கி வெடிக்கும்.

நெருப்புக் காட்டினால் இரும்பு விரிந்து இளகும் என்பது உண்மை. ஆனால் போர்க்கால ஜீப்பில் எரிபொருள் தாங்கி ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலேயே உள்ளது என்பதை மறந்தவன், மிதியை மட்டும் இழக்கமாட்டான். எண்ணெய் விடுவதிலும் எச்சரிக்கை வேண்டும். கிளச்சுத் தட்டில் அது பட்டால் பிடிமானம் போகும். திரவச் சிலிண்டரில் புகுந்தால் இறப்பர் வளையங்கள் ஊதிப் பழுதாகும்.

மிதி விடுபட்டதோடு வேலை முடிந்ததென்று எண்ணுவது பெரும்பிழை. அச்சைக் கழற்றித் தேய்த்து, தேய்ந்த புஷ்களை மாற்றி, புதிய கிறீஸ் இட்டுப் பூட்டாவிட்டால் அடுத்த மாரியில் பழைய கதை திரும்பும். ஜீப்பில் கிளச்சு மிதியும் பிரேக் மிதியும் ஒரே தண்டைச் சார்ந்தவை. ஆகவே, ஒன்றைப் பிடித்த கறள் மற்றதையும் தொட்டிருக்கும் என்றே கொள்ளவேண்டும். புறப்பட இயலாத வாகனம் எவரையும் கொல்வதில்லை. நிற்க இயலாத வாகனமே கொல்லும். பிரேக்கைச் சோதியாமல் வீதிக்கு ஏறலாகாது.

இத்தனை நுட்பத்தையும் வன்னித் தொழிலாளிகள் பெரும்பாலும் எந்த நூலிலிருந்து கற்றனர்? எந்த நூலிலிருந்தும் அல்ல. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் எரிபொருளும் உதிரிப்பாகமும் அரிதாயின. கார்களின் எஞ்சினைச் சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. புதியது வாங்க வழியில்லாதபோது பழையதைப் பிழைக்கவைக்கும் கலை வளர்ந்தது. பின்னர் 2008இலும் 2009இலும் மக்கள் ஊர்விட்டு ஊர் ஓடியபோது எண்ணற்ற வாகனங்கள் வெயிலிலும் மழையிலும் கைவிடப்பட்டன. மீண்டு வந்தவர்களின் முன் எழுந்த கேள்வி எளியது: இது உயிர்க்குமா, அல்லது பழைய இரும்பாக எடைக்குப் போகுமா? ஒரு குடும்பத்தின் உழைப்பும் சேமிப்பும் அந்தக் கேள்விக்குள் அடங்கிக் கிடந்தன. அதற்கு விடை சொல்லவல்லவர், எண்ணெய்க் கறை படிந்த கைகளையுடைய சிலரே.

அவர்களின் அறிவு கையில் இருக்கிறது, ஏட்டில் இல்லை. எத்தனை நாள் ஊறவிடுவது, எந்த ஒலி கேட்டால் நிறுத்துவது, எந்த அசைவு நம்பத்தக்கது என்பவற்றை ஆசான் சொல்ல மாணவன் எழுதிக்கொண்டதில்லை. அருகிருந்து பார்த்தே பழகினான். அந்த மாணவர் தொகை குறையும்போது அறிவும் குறைகிறது. ‘இறுகல்’, ‘இளகல்’, ‘கறள் கட்டல்’ என அவர்கள் வாயில் வழங்கும் சொற்கள் நமது கலைச்சொல் அகராதிகளில் எத்தனை ஏறியுள்ளன என்று தமிழாசிரியர்கள் எண்ணிப் பார்க்கலாம். கவிதைக்கு உவமை தேடி நெடுந்தூரம் அலையும் நாம், அடுத்த தெருக் கராச்சில் வழங்கும் தமிழைக் கேட்டு எழுதிவைக்கத் தயங்குவது முறையாகாது. ஒரு மாணவன் விடுமுறையில் ஒருநாள் அங்கே அமர்ந்து, காணும் கருவிகளின் பெயரையும் செய்யும் தொழிலின் பெயரையும் குறித்து வந்தால், அது எந்தக் கட்டுரைப் போட்டிக்கும் குறைந்ததன்று.

பயன்படாத இரும்பைக் கறள் தின்னும். எழுதப்படாத சொல்லை மறதி தின்னும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: காலம் தாழ்த்தாமல் கையில் எடுப்பது.