விரிதாளில் முற்றொப்புக் காண்டல்: பழனிமலை ஊர்ப்பெயர்களை முன்வைத்து ஒரு விளக்கம்

ஊர்ப்பெயர் ஆய்விற்கும் சொல்லடைவுத் தொகுப்பிற்கும் அடிப்படையாவது ஒப்புநோக்கல். ஓர் ஆவணத்திற் காணும் பெயர் மற்றோர் ஆவணத்திலும் உளதா என வினவி விடை காண்பதே அதன் முதற்படி. முன்னர்ச் சிறு சீட்டுகளில் எழுதி அடுக்கிச் செய்த அப்பணியை இந்நாளில் ஆய்வாளர் பலர் எக்செல் போன்ற விரிதாள்களிற் செய்கின்றனர். தேடும் பெயரோடு முற்றும் ஒத்த கட்டங்களைக் கண்டு வண்ணமிடுமாறு மேக்ரோ என்னும் கட்டளைத் தொகுதியை எழுதிவிடின், பல்லாயிரம் வரிகளையும் கணினி விரைந்து பார்த்து முடிக்கும். ஆயின் கணினி ‘ஒத்தது’ எனக் கொள்வதும் தமிழறிந்தார் ‘ஒத்தது’ எனக் கொள்வதும் ஒன்றல்ல. அவ்வேறுபாட்டைப் பழனிமலைத் தொடரின் ஊர்ப்பெயர்கள் சிலவற்றைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. மேக்ரோ செயற்படும் முறை

எக்செலில் மேக்ரோ எழுதப் பயன்படும் விஷுவல் பேசிக் மொழி 1993-இல் அதனுடன் இணைக்கப்பெற்றது. ஒப்புக் காணும் மேக்ரோ ஐந்து செயல்களை முறையே செய்தல் வேண்டும்: முன்னர் இட்ட வண்ணத்தை நீக்குதல், தேடும் பெயரைக் குறித்த ஒரு கட்டத்திலிருந்து படித்தல், பத்தியிலுள்ள கட்டங்களை ஒவ்வொன்றாக அப்பெயரோடு ஒப்பிடுதல், ஒத்த கட்டத்திற்கு வண்ணமிடுதல், ஒத்தவற்றின் தொகையைக் கூறுதல். மேக்ரோ இட்ட வண்ணம் தானே மறையாது. ஆதலின் முதற்செயலை விடுத்தால் பழைய தேடலின் விடையும் புதிய தேடலின் விடையும் கலந்துவிடும்.

தேடும் பெயரைக் கட்டத்திலிருந்து படிக்கவேண்டுதற்கும் காரணம் உண்டு. மேக்ரோ எழுதும் சாளரத்தில் நேரே இட்ட தமிழெழுத்துகள் பெரும்பாலும் கேள்விக்குறிகளாக மாறிவிடும். கட்டத்தில் எழுதிய தமிழுக்கு அவ்விடர் இல்லை.

முழுக் கட்டமும் ஒத்தல் வேண்டுமா, ஒரு பகுதி ஒத்தால் அமையுமா என்பதனையும் வெளிப்படக் கூறல் வேண்டும். கொடைக்கானல் வட்டத்தில் கவுஞ்சி என்றோர் ஊரும், வடகவுஞ்சி என்று மற்றோர் ஊரும் உள. பகுதி ஒப்பினைக் கேட்டால், கவுஞ்சியைத் தேடுவார்க்கு வடகவுஞ்சியும் வண்ணம் பெற்று வரும். எக்செலின் ‘ஃபைண்ட்’ என்னும் தேடற் கட்டளை இறுதியாகக் கையாண்ட விருப்பத்தை நினைவிற் கொண்டு, அதனையே அடுத்த தேடலுக்கும் பொருத்தும் இயல்பினது. நேற்றுப் பகுதி ஒப்பினைத் தேடியவர் இன்று ஒன்றுங் கூறாது விடுப்பின் அதே விடையைப் பெறுவர்.

2. வடிவமும் குறியீடும்

கணினி எழுத்தின் வடிவத்தைக் காண்பதில்லை. வடிவத்திற்குரிய எண்களையே காண்கின்றது. இவ்வுண்மையைப் பண்ணைக்காடு, கொடைக்கானல் என்னும் இரு பெயர்களும் எதிரெதிர் நின்று விளக்குகின்றன.

1978-இல் தமிழ்நாட்டரசு ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன்னர் ‘ணை’ என்னும் எழுத்து, துதிக்கை போன்று வளைந்த பழைய வடிவில் அச்சிடப்பெற்றது. ஆகவே பழைய நூலில் அச்சான பண்ணைக்காடும் இன்றைய நூலில் அச்சாகும் பண்ணைக்காடும் கண்ணுக்கு வேறுபடும். ஆயின் யூனிகோடு முறையில் இரு வடிவிற்கும் எண்கள் ஒன்றே. இங்கு வடிவம் வேறாயினும் கணினிக்குப் பெயர் ஒன்றாகும்.

கொடைக்கானலின் நிலை இதற்கு மறுதலை. ‘கொ’ என்பதனை ‘க’வும் ஒகரக் குறியும் (3018) எனவும் எழுதலாம், ‘க’வும் எகரக் கொம்பும் (3014) காலும் (3006) எனவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. யூனிகோடு முறையும் இரண்டனையும் ஒப்புடையனவாகவே கொள்ளும். ஆனால் மேக்ரோ இயல்பாகச் செய்வது எண்களை ஒப்பிடுதலே. ஆகலின் அதற்கு இவை இருவேறு பெயர்கள். கட்டத்திலுள்ள குறிகளை எண்ணிக் கூறும் ‘லென்’ என்னும் சார்பினைக் கொண்டு இதனை அறியலாம். தமிழ்முறையில் கொடைக்கானலுக்கு எழுத்து ஆறு. கணினி ஒருவகையிற் பதினொன்று என்றும், மற்றொரு வகையிற் பன்னிரண்டு என்றும் கூறும்.

ஓலைச்சுவடிகளில் எகர ஏகாரங்களும், காலும் ரகரமும் வேறுபாடின்றி எழுதப்பட்டமையால் பதிப்பாசிரியர் உற்ற இடர்ப்பாட்டினைத் தமிழுலகம் அறியும். அங்கு ஒரு வடிவில் இரண்டு எழுத்துகள் மறைந்து நின்றன. ஈண்டு ஓரெழுத்தில் இரண்டு எண்தொடர்கள் மறைந்து நிற்கின்றன.

3. சீர்மையும் அதன் எல்லையும்

இக்குறையை நீக்க, ஒப்பிடுதற்கு முன் பெயர்களைச் சீர்மை செய்தல் வேண்டும். கொம்பும் காலும் இணைந்து வரும் இடமெல்லாம் ஒகரக் குறியாகவும், இரட்டைக்கொம்பும் (3015) காலும் இணைந்து வரும் இடமெல்லாம் ஓகாரக் குறியாகவும் (3019) மாற்றுதல் எளிது. பெயரின் முன்னும் பின்னும் நிற்கும் வெற்றிடங்களையும் களைதல் வேண்டும். அவற்றுள் 160 என்னும் எண்ணுடைய வெற்றிடம் ‘ட்ரிம்’ என்னும் சார்பிற்கு அகப்படாது; அதனைத் தனியே நீக்குதல் வேண்டும்.

ஔகாரத்தில் இவ்வெளிமை இல்லை. கவுஞ்சியைக் ‘கௌஞ்சி’ என ஒருவர் எழுதலாம். ஔகாரக் குறிக்கு மாறாகக் கொம்பும் ளகரமும் இட்டுக் ‘கெளஞ்சி’ என மற்றொருவர் எழுதலாம். பின்னதைத் திருத்தக் கருதிக் கொம்பினையும் ளகரத்தையும் கண்ட இடமெல்லாம் ஔகாரமாக்கின், ‘தெளிவு’, ‘வெளி’ முதலிய சொற்கள் சிதையும். சொல்லறிந்தார் ஒவ்வோரிடமாக நோக்கித் திருத்துவதே தக்கது.

4. பெயரொப்பும் பொருளொப்பும்

எழுத்துகள் முற்றும் ஒத்த பின்னரும் ஒரு வினா எஞ்சும். கொடைக்கானல் மலையில் ஒரு பூண்டி உண்டு. திருவள்ளூர்ப் பகுதியில் நீர்த்தேக்கத்தாற் பெயர்பெற்ற பூண்டியும் உண்டு. பெயர் ஒன்றாயினும் ஊர் வேறு. இவற்றைப் பிரிக்க மாவட்டப் பெயரையும் சேர்த்து ஒப்பிடலாமெனின், அங்கும் ஓர் இடையூறு உளது. மதுரை மாவட்டத்திலிருந்து திண்டுக்கல் மாவட்டம் 1985-இல் தனியே பிரிந்தது. ஆகவே 1961-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பண்ணைக்காடு மதுரை மாவட்டத்து ஊர். பிற்காலக் கணக்கெடுப்புகளில் திண்டுக்கல் மாவட்டத்து ஊர். இரு பத்திகளும் ஒத்தாலன்றி வண்ணமிடாத மேக்ரோவின்படி, இடம்பெயராத ஓர் ஊர் மறைந்துபோய்ப் புதிதாக ஓர் ஊர் தோன்றியதாக முடியும். அம்முடிவு ஆய்வேட்டில் ஏறின் பின்வருவோரையும் பிழைப்படுத்தும்.

ஆகலின் மூலத்திற் கண்டவாறே பெயரை ஒரு பத்தியில் மாற்றாது வைத்து, சீர்மை செய்த வடிவை அடுத்த பத்தியில் எழுதி, ஆவணத்தின் ஆண்டையும் அக்கால மாவட்டத்தையும் உடன் குறித்தல் நன்று. மூலவடிவிலேயே ஒத்தவற்றிற்கு ஒரு வண்ணமும், சீர்மைக்குப் பின் ஒத்தவற்றிற்கு வேறொரு வண்ணமும் இடலாம். வண்ணம் பெறாதவற்றை இல்லாதன எனத் தள்ளாமல், ஆய்வாளர் தாமே நோக்கவேண்டியன எனக் கொள்ளல் வேண்டும். முற்றொப்பு என்பது எண்களின் ஒப்பு. ஊரின் ஒருமையை நிறுவுதல் அதன்பின் ஆய்வாளர் செய்யவேண்டிய பணி.