சிறு கணிப்பொறிகளின் இயங்குதளம் தோன்றிய வரலாறு

கணிப்பொறியைக் கையாளாத மாணவர் இக்காலத்து நம் கல்லூரிகளில் இல்லை எனலாம். ஆயினும், விசையை அழுத்திய சிறிது நேரத்தில் அப்பொறி நம் ஏவலைக் கேட்க ஆயத்தமாய் நிற்பது எங்ஙனம் என்று ஆராய்ந்து பார்ப்போர் சிலரே. பொறியை அவ்வாறு ஏவலுக்கு இணங்கச் செய்யும் அடிப்படை நிரலுக்கு இயங்குதளம் என்று பெயர். ஆங்கில வழக்கில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்பர். சிறு கணிப்பொறிகளுக்கென எழுந்து பெருவழக்கடைந்த முதல் இயங்குதளம் யாது, அதனை இயற்றியவர் யார், அதன் பயனைப் பெற்றவர் யார் என்பவற்றை ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

முதற்கண் இயங்குதளத்தின் தொழிலை அறிதல் வேண்டும். நூல்நிலையத்துக்குச் செல்லும் மாணவர் வேண்டிய நூலின் பெயரை எழுதிக் கொடுக்கின்றார். காப்பாளர் அதனை எடுத்துத் தருகின்றார். அந்நூல் எந்த அலமாரியில் எந்த அடுக்கில் உள்ளது என்பது மாணவர் அறிய வேண்டுவதன்று. கணிப்பொறியினுள் அக்காப்பாளரின் தொழிலைச் செய்வதே இயங்குதளம். 1970-களில் வழங்கிய 8 அங்குலப் பிளாப்பி வட்டை எடுத்துக்கொள்வோம். அதில் 77 வட்டத் தடங்கள் இருந்தன. ஒவ்வொரு தடமும் 26 கூறுகளாய்ப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு கூறு 128 எழுத்துக்களைத் தாங்கும். ஆகவே ஒரு வட்டில் மொத்தம் 2,002 கூறுகள் உள. ஒரு கடிதம் இவற்றுள் எவ்வெவற்றில் எழுதப்பட்டுள்ளது, எவை வெறுமையாய் உள்ளன என்பவற்றையெல்லாம் மனிதரே நினைவில் வைத்தல் இயலுமோ? இயங்குதளம் அதற்கொரு பட்டியலை வைத்துக் காத்து, கோப்பின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் உரிய கூறுகளைத் தேடித் திரட்டித் தருகின்றது.

பெரிய கணிப்பொறிகளுக்கு இத்தகைய நிரல்கள் முன்னரே இருந்தன. அப்பொறிகள் ஓர் அறை முழுவதையும் நிரப்பி நிற்பன. அவற்றை வாங்க வல்லவை அரசாங்கங்களும் பெரு நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களுமே. 1971-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இன்டெல் நிறுவனம் கணிப்பொறியின் மூளையாகிய பகுதி முழுவதையும் ஒரே சில்லில் அடக்கி 4004 என்னும் எண்பெயரால் வெளியிட்டது. 1974-இல் அதனினும் ஆற்றல் மிக்க 8080 வெளிவந்தது. அதனைக் கொண்டு அமைந்த ஆல்டேர் 8800 என்னும் சிறு பொறியை 1975-ஆம் ஆண்டு சனவரியில் ஒரு மின்னியல் சஞ்சிகை தன் அட்டையில் வெளியிட்டதும், ஆர்வலர் பலர் பணம் அனுப்பி அதனைத் தருவித்தனர். ஆனால் வந்த பொறிக்கு விசைப்பலகை இல்லை, திரை இல்லை, நினைவகமோ 256 பைட்டே. முகப்பிலுள்ள சிறு விசைகளை மேலுங் கீழும் தள்ளியே நிரலைப் புகுத்த வேண்டும். மின்சாரம் நின்றால் புகுத்தியது அனைத்தும் அழிந்துவிடும். உடல் உண்டு, உடலை ஆளும் ஒழுங்கு இல்லை என்னும் நிலையில் அப்பொறிகள் இருந்தன.

இக்குறையை நீக்கும் வழியைக் கண்டவர் ஓர் ஆசிரியர். கேரி கில்டால் என்பார் கலிபோர்னியாவின் மாண்டரே நகரிலுள்ள கடற்படை மேற்பட்டக் கல்லூரியில் கணிப்பொறியியல் கற்பித்து வந்தார். இன்டெல் நிறுவனத்துக்கு ஆலோசகராயும் இருந்தார். காகித நாடாவில் துளையிட்டு நிரலைச் சேமிப்பது மிகவும் தாமதமான வேலையாதலின், பிளாப்பி வட்டைச் சிறு பொறியோடு இணைக்க அவர் விரும்பினார். வட்டை இயக்கும் கருவி கிடைத்தது. அதனைப் பொறியோடு பிணைக்கும் மின்சுற்று கிடைக்கவில்லை. ஜான் டோரோடு என்னும் நண்பர் அதனை அமைத்துக் கொடுத்தார். 1974-ஆம் ஆண்டில், மாண்டரேக்கு அடுத்த பசிபிக் குரோவ் என்னும் ஊரில், கில்டால் எழுதிய நிரல் வட்டினைப் படித்து இயங்கிக் காட்டிற்று. அந்நிரலுக்கு அவர் இட்ட பெயர் சி.பி/எம் என்பது.

கில்டால் யாவற்றையும் புதிதாய்ப் படைத்தார் என்று கூறுதல் பொருந்தாது. டிஜிட்டல் நிறுவனத்தின் பெரிய பொறிகளில் அவர் பழகியிருந்தார். கோப்புக்களைப் படியெடுக்கும் கட்டளைக்கு இட்ட பிப் என்னும் பெயரும் அங்கிருந்து வந்ததே. பெரும் பொறிக்குரிய வசதியைச் சில ஆயிரம் பைட்டுகளுக்குள் சுருக்கிச் சிறு பொறிக்குத் தந்ததே அவர் முதற் சாதனை. இன்டெல் நிறுவனம் இதனை வாங்க முன்வரவில்லை. ஆதலின் கில்டாலும் அவர்தம் மனைவியார் டோரதியும் டிஜிட்டல் ரிசர்ச் என வழங்கிய நிறுவனத்தை நிறுவித் தாமே அதனை விற்கலாயினர்.

இனி, இவ்வரலாற்றின் உயிர்நிலையான பகுதிக்கு வருவோம். அக்காலத்தில் சிறு பொறி செய்வோர் பலர் தோன்றினர். ஒருவர் பொறியில் அமைந்த வட்டுக் கருவி மற்றொருவர் பொறியில் இல்லை. திரையை இயக்கும் முறையும் வேறு. ஆகவே புதிய பொறி ஒன்று வருந்தோறும் கில்டால் தம் நிரலைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. இம்சாய் என்னும் நிறுவனம் தன் பொறிக்கும் சி.பி/எம் வேண்டுமெனக் கேட்ட காலத்தில், அங்கு உழைத்த கிளென் யூயிங் என்பாரோடு கலந்து அவர் ஒரு புதிய முறையைக் கைக்கொண்டார். பொறிக்குப் பொறி மாறும் செயல்கள் எவையென ஆராய்ந்து, அவற்றை மட்டும் தனியே பிரித்து ஒரு சிறு பகுதியாக்கினார். அப்பகுதிக்குப் பயாஸ் என்று பெயர். கோப்புக்களைக் காக்கும் பகுதியும், பயனர் இடும் கட்டளையை ஏற்கும் பகுதியும் எல்லாப் பொறிகளுக்கும் பொதுவாய் நின்றன. புதிய பொறி செய்தவர் பயாஸை மட்டும் எழுதினாற் போதும். எஞ்சியது மாற்றமின்றிப் பொருந்தும்.

இதன் பயனை ஒரு சிறு கணக்கால் அறியலாம். வெவ்வேறு வகைப் பொறிகள் 50 உள்ளன என்றும், கடிதம் எழுதவும் கணக்கு வைக்கவும் 20 நிரல்கள் வேண்டும் என்றும் கொள்வோம். ஒவ்வொரு பொறிக்கும் ஒவ்வொரு நிரலையும் தனித்தனி திருத்துவதாயின் 1,000 முறை உழைக்க வேண்டும். இடையே பொதுவான இயங்குதளம் இருப்பின் 50 பயாஸ் பகுதிகளும் 20 நிரல்களுமாக 70 முறை உழைத்தாற் போதும். பெருக்கல் கூட்டலாய் மாறிய இம்மாற்றமே நிரல் எழுதுதலைத் தனித் தொழிலாக்கியது. 1978-இல் வெளிவந்த வேர்டுஸ்டார் முதலிய நிரல்கள் பல நிறுவனங்களின் பொறிகளிலும் ஓடியமைக்குக் காரணம் இதுவே.

நிற்க. 1980-இல் ஐ.பி.எம். நிறுவனம் தானும் சிறு கணிப்பொறி செய்யத் துணிந்து, இயங்குதளம் வேண்டிக் கில்டாலின் நிறுவனத்தை நாடியது. அன்று அவர் விளையாட்டாய் விமானம் ஓட்டச் சென்றமையால் செல்வத்தை இழந்தார் என்றொரு கதை வழங்குகின்றது. தாம் தொழில் நிமித்தமாகவே சென்றதாயும், அன்று பிற்பகலே திரும்பியதாயும் அவர் கூறினார். வந்தவர்கள் நீட்டிய இரகசிய உடன்படிக்கையில் கையொப்பமிட டோரதி தயங்கினார் என்பதும், பின்னரும் உடன்பாடு கைகூடவில்லை என்பதுமே நாம் அறிய வேண்டுவன. ஐ.பி.எம். மைக்ரோசாப்ட் நிறுவனத்திடம் சென்றது.

அதே 1980-இல் சியாட்டில் நகரில் டிம் பேட்டர்சன் என்னும் இளைஞர் 8086 என்னும் புதிய சில்லுக்கு ஓர் இயங்குதளம் எழுதியிருந்தார். பழைய நிரல்களை எளிதில் மாற்றிக்கொள்ளும் பொருட்டு, சி.பி/எம் ஏற்கும் அழைப்புக்களை ஒத்தே அதனை அமைத்தார். தாம் கையேட்டைப் பின்பற்றியதன்றி நிரலைப் படியெடுக்கவில்லை என்பது அவர் கூற்று. வட்டில் கோப்புக்களை வைக்கும் முறையும் கில்டாலினதினும் வேறானதே. மைக்ரோசாப்ட் 1981-ஆம் ஆண்டு சூலையில் அதன் உரிமையை முற்றும் வாங்கிற்று. ஆகஸ்டு 12-ஆம் நாள் ஐ.பி.எம். பொறி வெளிவந்தது. கில்டால் முறையிட்டமையால் அவருடைய சி.பி/எம்-86 என்னும் நிரலையும் விற்க ஐ.பி.எம். இசைந்தது. ஆனால் மைக்ரோசாப்ட் தந்த டாஸ் 40 டாலர். கில்டால் தந்தது 240 டாலர். மக்கள் எதனை வாங்கியிருப்பர் என்று சொல்ல வேண்டுவதில்லை. அன்றியும், டாஸைப் பிறருக்கும் விற்கும் உரிமையை மைக்ரோசாப்ட் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஐ.பி.எம். பொறியைப் போன்றவற்றைப் பலரும் செய்யத் தொடங்கியபோது, அவர்கள் அனைவரும் அந்நிறுவனத்தின் வாயிலுக்கே வந்தனர்.

டிஜிட்டல் ரிசர்ச் 1991-இல் நாவெல் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. கில்டால் 1994-இல் தமது 52-ஆம் வயதில் மறைந்தார். 2014-இல் பசிபிக் குரோவில், அவருடைய நிறுவனம் இருந்த இடத்தில், மின்பொறியியலார் சங்கமொன்று நினைவுப் பலகை பதித்தது. விதைத்த கை ஒன்று, அறுத்த கை வேறு என்று இதனைக் கண்டு வருந்துவோர் உளர். அவ்வருத்தம் நியாயமே. எனினும் மறுபுறமும் நோக்குதல் வேண்டும். விண்டோஸ் பொறிகளில் முதல் வட்டுக்குச் சி என்னும் எழுத்து வழங்குவதேன்? ஏ, பி என்னும் எழுத்துக்கள் பிளாப்பி வட்டுக்களுக்கு உரியவாய் இருந்தன, அவ்வழக்கு சி.பி/எம் வழியே டாஸுக்கும், டாஸ் வழியே விண்டோஸுக்கும் வந்தது. பயாஸ் என்னும் பெயரும் அவ்வாறே நிலைத்தது. விலையால் தோற்ற நிரலின் அமைப்பு, வென்ற நிரலினுள்ளேயே வாழ்ந்தது.

ஆதலின் நிரல் எழுதப் பயிலும் நம் மாணவர் இரண்டினை மனத்திற் கொள்வாராக. எப்பணியிலும் மாறுவது இது, மாறாதது இது எனப் பகுத்தறிந்து, அவ்வெல்லையிலேயே பணியைப் பிரிப்பவர் பின்வருவோர் பலரின் உழைப்பைக் குறைக்கின்றார். அங்ஙனம் குறைத்தவர் யார் என்பதை விற்பனைக் கணக்கைக் கொண்டு துணிதல் ஆகாது. வேலையின் அமைப்பை ஆராய்ந்தே துணிதல் வேண்டும். கில்டால் என்னும் ஆசிரியருக்கு உரிய இடத்தை நாம் அறிந்து வழங்குவது அவ்வாராய்ச்சியின் பயனேயாம்.