தோலா, மூளையா? பக்கத்துச் செல் சொல்லும்!

தொட்டால் தண்ணீரைப் பீச்சி அடிக்கும் பிராணி ஒன்று கடலில் உண்டு. சிறு பை போலப் பாறையில் ஒட்டிக் கிடக்கும். அதன் பெயர் சியோனா.

இது நமக்குத் தூரத்து உறவு என்றால் நம்புவீர்களா?

குஞ்சாக இருக்கும்போது இது தலைப்பிரட்டை போல நீந்தும். வால் உண்டு. முதுகில் நரம்புத் தண்டு உண்டு. சிறு மூளையும் உண்டு! இந்த உறவை 1866-ல் ருஷ்ய விஞ்ஞானி கோவலெவ்ஸ்கி எடுத்துக் காட்டினார். பாறையில் தலை ஒட்டியதும் வால் போய்விடும். பாவம், குஞ்சு மூளையும் பெரும்பாலும் அழிந்துவிடும்.

அந்த மூளை எப்படி உண்டாகிறது?

ஒரே செல்லான கரு இரண்டாகி, நான்காகி, 32 செல்கள் ஆகிறது. மேலே 16, கீழே 16. கீழே உள்ள சில செல்கள் எப்.ஜி.எப். என்ற பொருளை வெளிவிடுகின்றன. மேலே உள்ளவற்றில் நான்கு செல்கள்தான் அவற்றோடு மிகவும் ஒட்டி இருக்கின்றன. அந்த நான்கில் மட்டும் "ஓடிஎக்ஸ்" என்ற ஜீன் விழித்துக்கொள்கிறது. அவை நரம்பு வழிக்குப் போகின்றன. மற்ற பன்னிரண்டும் தோல்!

செய்தி வராவிட்டால்? அந்த நான்கும் தோல்தான். பிரான்சில் மார்செய் நகர விஞ்ஞானிகள் அந்தப் பொருளைத் தடுத்துப் பார்த்தார்கள். ஜீன் விழிக்கவில்லை. இதை அவர்கள் 2003-ல் வெளியிட்டார்கள்.

மனிதருக்கும் இதே குடும்பத்து ஜீன் உண்டு. அதில் ஒன்று பழுதானால், கண் இல்லாமலோ, மிகச் சிறுத்த கண்ணோடோ குழந்தை பிறப்பது உண்டு. தாய் வயிற்றில் வளரும் கருவில் செல்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்க முடியாது. சியோனாவில் எண்ணலாம்.