வானம் வெளுத்தாலும் வெள்ளம் வரும்!
நெமிலிக்கு ஆபத்து எங்கிருந்து?

நெமிலி:
மழை விட்டிருக்கும். வெயில்கூட எட்டிப் பார்க்கும். ஆனால் கொசஸ்தலை ஆற்றில் செந்தண்ணீர் புரண்டு வரும்! உள்ளூரில் மழை இல்லை, வெள்ளம் மட்டும் எப்படி?

கங்கைக்குப் பனி உருகித் தண்ணீர் வருகிறது. நம்ம ஆத்துக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. வருஷத்தில் பாதி நாள் வெறும் மணல்தான். பருவமழைதான் கதி. அதுவும் எங்கேயோ பெய்கிற மழை!

ஆந்திராவில் ஆரம்பம்

சித்தூர் மாவட்டத்துக் கலவகுண்டா அணையைத் திறந்தால் பொன்னையாறு பொங்கும். அது பாலாற்றில் கலந்து, வாலாஜா அணைக்கட்டுக்கு வரும். அங்கிருந்து கால்வாய் வழியாகக் காவேரிப்பாக்கம் ஏரிக்கு! பல்லவர் காலத்து ஏரி. கடல் மாதிரி கிடக்கும். அது நிரம்பிக் கோடி போனால் உபரி நீர் கொசஸ்தலையில்தான் இறங்கும். அடுத்தது நெமிலி. அப்புறம் கேசாவரம் அணைக்கட்டு, பூண்டி ஏரி, எண்ணூர் கடல். கேசாவரத்தில் பிரிகிற ஒரு கிளைதான் கூவம். ஆமாம், சென்னையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டுகிறார்களே, அதே கூவம்தான்!

சுவர் இடிந்து 9 பேர் பலி

2021 நவம்பரில் இந்தச் சங்கிலி முழுவதும் ஒரே சமயத்தில் நிரம்பியது. பாலாறு அணைக்கட்டில் தண்ணீர் விநாடிக்கு லட்சம் கன அடியைத் தாண்டியது. நவம்பர் 19-ந்தேதி அதிகாலை பேரணாம்பட்டில் வீட்டுச் சுவர் இடிந்து 9 பேர் பலியானார்கள். அதில் 4 பேர் குழந்தைகள். தூக்கத்திலேயே போய்விட்டார்கள். ஆறு அடித்துக்கொண்டு போகவில்லை. ஊறிப்போன சுவர்தான் எமன்!

1903 நவம்பர் 12-ல் வாணியம்பாடி பட்டது இதைவிடக் கொடுமை. மைசூர் சீமையில் ஏரிகள் உடைந்து, பாலாறு ஊருக்குள் புகுந்தது. சுமார் 200 பேர் செத்தார்கள். அங்கும் மேற்கே உடைந்ததற்குக் கிழக்கே இருந்தவர்கள்தான் பலி.

மணல்தானே என்று ஆத்துக்குள்ளேயே குடிசை போடுகிறோம், மாட்டைக் கட்டுகிறோம். ஆறு பத்து வருஷம் சும்மா கிடந்தால் பட்டா நமக்கு என்று நினைப்பு! தாலுகா ஆபீசில் தண்டோரா போட்ட பிறகு மூட்டை கட்டினால் பாதிச் சாமான் தண்ணீரோடுதான் போகும்.

ஆகவே மழைக்காலத்தில் நெமிலிக்காரர்கள் மேலே பார்ப்பதோடு மேற்கேயும் பார்க்க வேண்டும். பொன்னையில் தண்ணீர் என்று சேதி வந்தால், அன்று ராத்திரி மண்சுவர் ஓரம் படுக்காதீர்கள். தரைப்பாலத்தில் முழங்கால் தண்ணீர்தானே என்று சைக்கிளை இறக்காதீர்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு போன் நம்பர் 1077.